பழைய கார்டன் டிராக்டரில் வேறு கம்பெனி ஸ்நோ ப்ளோயரை மாட்டுவது

ஒண்டாரியோவிலும் மிச்சிகனிலும் அக்டோபர் வந்துவிட்டால் பழைய சாமான் விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "ஸ்நோ ப்ளோயர் இருக்கிறது, எந்த டிராக்டருக்கானது என்று தெரியாது." டிராக்டரின் முன்னால் மாட்டிப் பனியை அள்ளி வீசும் கருவி அது. விலை மலிவாக இருக்கும். வீட்டில் நிற்கும் பழைய டிராக்டருக்கென்றே செய்த ப்ளோயரோ கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் பலர் கையில் கிடைத்ததை வாங்கிப் பொருத்தப் பார்க்கிறார்கள். பொருத்தலாம். ஆனால் எல்லா ஜோடியும் சேராது.

1960களிலிருந்து 80கள் வரை வீல் ஹார்ஸ், கப் கேடட், ஜான் டியர், போலன்ஸ், சிம்பிளிசிட்டி, கேஸ் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கொக்கி முறை வைத்திருந்தது. வேண்டுமென்றே ஒன்று மற்றொன்றில் சேராதபடி செய்தார்களோ என்று தோன்றும். கப் கேடட் 1981இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடமிருந்து எம்.டி.டி. கம்பெனி கைக்குப் போனது, வீல் ஹார்ஸை 1986இல் டோரோ வாங்கியது. அந்தக் காலத்து பிராக்கெட்டுகளைக் கடையில் தேடிப் பயனில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பிராக்கெட்டைத்தான். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே எளிய வேலை. ஆங்கிள் அயர்ன், வெல்டிங் மெஷின், ஒரு சனி ஞாயிறு இருந்தால் எதையும் எதிலும் மாட்டிவிடலாம். மாட்டிய பிறகு அது பனியை வீசுமா என்பதை முடிவு செய்பவை மூன்று: பனியை அள்ளும் திருகான ஆகர் சுற்றும் திசை, அதன் வேகம், பெல்ட் ஓடும் தளம் (புல்லிகள் ஒரே நேரில் நிற்பது). இந்த மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒரு டேப்பும் சாக்பீஸும் கொண்டு பார்த்துவிடலாம்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது வீல் ஹார்ஸ் சி சீரிஸ் மாதிரியான டிராக்டர், 12 எச்.பி. கோலர் கே 301 எஞ்சின். கிராங்க் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழலும் தண்டு) டிராக்டருக்குக் குறுக்காகக் கிடக்கும், கருவிகளுக்குச் சக்தி தரும் பி.டி.ஓ. புல்லி வலப் பக்கத்தில் இருக்கும். மாட்டப் போவது 42 அங்குல சிங்கிள் ஸ்டேஜ் ப்ளோயர், அதாவது ஆகரே பனியை அள்ளி வீசும் வகை. ஆனால் அது கப் கேடட் மாதிரி கிராங்க் ஷாஃப்ட் நீளவாக்கில் கிடந்து, மூக்கில் பி.டி.ஓ. உள்ள டிராக்டருக்காகச் செய்தது. அதனால் அதன் முதுகில் சக்தியை 90 டிகிரி திருப்பிவிடும் கியர் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

டூ ஸ்டேஜ் ப்ளோயரை இந்த எஞ்சினுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் ஆகர் நிமிடத்துக்கு 100, 120 சுற்று மெதுவாகச் சுற்றிப் பனியை நடுவுக்குக் கொண்டுவரும்; பின்னால் இருக்கும் இம்பெல்லர் ஏறக்குறைய 1000 சுற்றில் அதை வீசும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எடை அதிகம், டிராக்டருக்கு முன்னால் ரொம்ப தூரம் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த அளவு டிராக்டரின் மூக்கு அதைத் தாங்கித் தவிக்கும்.

முதலில் திசை. கோலர் கே எஞ்சினை பி.டி.ஓ. பக்கமாக நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். சிங்கிள் ஸ்டேஜ் ஆகரோ டிராக்டர் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுற்றும் அதே திசையில் சுற்ற வேண்டும்: முன்பக்கம் கீழிறங்கி, அடியில் பின்னோக்கி வந்து, பின் தகட்டை ஒட்டி மேலேறி, சூட் என்ற குழாய் வழியாகப் பனி வெளியே போக வேண்டும். இப்போது டிராக்டரின் வலப் பக்கம் நின்று பாருங்கள். டிராக்டரின் முகம் உங்கள் வலக் கைப் பக்கம் இருக்கும். முன்னோக்கி உருளும் சக்கரம் கடிகாரத் திசையில் சுற்றும், பி.டி.ஓ. அதற்கு எதிராகச் சுற்றும். எஞ்சினிலிருந்து ஜாக் ஷாஃப்ட் என்ற இடைத் தண்டுக்கு பெல்ட், அங்கிருந்து ஆகருக்குச் செயின். இரண்டையும் நேராகப் போட்டால் ஆகர் தப்பான பக்கம்தான் சுற்றும். வேலையின் முக்கால் பங்கு தலைவலி இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

இதற்குப் பலர் முதலில் யோசிப்பது ஆகரைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. அப்படிப் போட்டால் எதிர்த் திசையிலும் திருகு பனியை நடுவுக்குக் கொண்டுவரும், அதுவரைக்கும் சரி. ஆனால் நடுவில் சேர்ந்த பனி அடியில் முன்னோக்கித் தள்ளப்பட்டு ப்ளோயருக்கு முன்னாலேயே குவியும். சூட்டுக்குள் ஒரு பிடி கூட ஏறாது. இந்த வழி வேலைக்கு ஆகாது.

இரண்டாவது யோசனை வி பெல்ட்டை எட்டுப் போலக் குறுக்கே போடுவது. இரண்டு இழைகளும் உராயும் இடத்தில் பெல்ட் தன்னைத் தானே தின்றுவிடும்.

சரியான வழிகளில் மலிவானது செயினிலேயே திசையைத் திருப்புவது. ரோலர் செயினுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பேதமில்லை, இரண்டு பக்கமும் பல்லில் உட்காரும். ஜாக் ஷாஃப்ட்டின் சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கும் (பற்சக்கரம்) சற்றுத் தள்ளிப் பொருத்திய, வெறுமனே சுழலும் ஐட்லர் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே செயினை வளையமாகப் போடுங்கள். ஆகரின் பெரிய ஸ்ப்ராக்கெட் அந்த வளையத்துக்கு உள்ளே வராமல், வெளியிலிருந்து செயினின் முதுகில் பதிய வேண்டும். அப்போது ஆகர் எதிர்த் திசையில் சுற்றும். பெரிய ஸ்ப்ராக்கெட்டைச் செயின் சுமார் 120 டிகிரியாவது தழுவியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சுமை ஏறும்போது பல் தாண்டும். ஐட்லரை ஒரு நீள்துளையில் பொருத்தினால் செயினின் தொய்வை எடுக்கவும் அதுவே உதவும்.

செயினுக்கு இடமில்லையென்றால் ஏஏ வகை இரட்டை வி பெல்ட். அதன் குறுக்குவெட்டு அறுகோணமாக இருக்கும், இரண்டு பக்கமும் புல்லியின் பள்ளத்தில் உட்காரும். செயினில் செய்த அதே ஏற்பாட்டைப் பெல்ட்டில் செய்யலாம். விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால் வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள்.

ப்ளோயரோடு வந்த கியர் பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். குறுக்கு கிராங்க் ஷாஃப்ட் டிராக்டரில் அதனால் பயனில்லை. கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக ஜாக் ஷாஃப்ட் வைப்பதே மேல். டிராக்டரும் நீளவாக்கு வகையாக இருந்து, திசை மட்டும் மாறியிருந்தால் பெட்டியை அதன் உள்வரும் ஷாஃப்ட்டை அச்சாக வைத்து 180 டிகிரி திருப்பிப் பொருத்துங்கள். உள்ளே வரும் திசை அப்படியே இருக்க, வெளியே போகும் திசை மாறிவிடும். வெளிவரும் ஷாஃப்ட் மறுபக்கம் போய்விடும் என்பதால் செயினையும் மறுபக்கம் மாற்ற வேண்டியிருக்கும். காற்றுத் துளையும் எண்ணெய் அளவு மூடியும் இடம் மாறிவிடும் என்பதை மறந்தால் எண்ணெய் முழுவதும் ட்ரைவ்வேயில் கிடக்கும்.

அடுத்து வேகம். பனி எவ்வளவு தூரம் விழும் என்பது ஆகர் விளிம்பின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 அங்குல ஆகர் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 6.4 மீட்டர்; 45 டிகிரியில் வீசினால் பனி 4 மீட்டருக்குச் சற்று மேல் போகும். 400 சுற்றில் 8.5 மீட்டர் வேகம், 7 மீட்டருக்கு மேல் தூரம். காற்றுத் தடையைக் கழிக்காத கணக்கு இது. தூள் பனி இதைவிடக் குறைவாகத்தான் போகும்.

எஞ்சினை 3400 சுற்றில் வைத்திருக்கிறோம், பி.டி.ஓ. புல்லி 4.5 அங்குலம், ஜாக் ஷாஃப்ட் புல்லி 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஜாக் ஷாஃப்ட் 1530 சுற்றுச் சுற்றும். அங்கிருந்து 10 பல் ஸ்ப்ராக்கெட்டும் ஆகரில் 40 பல் ஸ்ப்ராக்கெட்டும் போட்டால் ஆகருக்கு 382 சுற்று. 12 எச்.பி.க்கு இது நல்ல அளவு. ப்ளோயரோடு வந்த 8 அங்குலப் புல்லியையே ஜாக் ஷாஃப்ட்டில் மாட்டிவிட்டால் ஆகர் 478 சுற்றுக்கு ஏறிவிடும். தூரம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிலோ பனிக்கும் 56 சதவீதம் கூடுதல் ஆற்றல் போகிறது, அதே எஞ்சின் அதே நேரத்தில் தள்ளும் பனி மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. முனிசிபாலிட்டி வண்டி ட்ரைவ்வே வாயிலில் தள்ளிவிட்டுப் போன ஈரக் குவியலில் நுழைந்ததும் எஞ்சின் இருமும். மாறாக 300க்குக் கீழே இறங்கினால் உருகும் பனி சூட் குழாயிலேயே ஒட்டி அடைக்கும். புல்லியின் வெளி விட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெல்ட் பள்ளத்தில் எவ்வளவு ஆழம் உட்காருகிறதோ அந்த விட்டம்தான் கணக்கு. இரண்டு புல்லியும் ஒரே அளவாக இருந்தால் தப்பு தெரியாது, சின்னப் புல்லியில் நன்றாகவே தெரியும்.

செயின் 40ஆம் எண்ணா, 50ஆம் எண்ணா? 12 எச்.பி.யும் 1530 சுற்றும் என்றால் ஜாக் ஷாஃப்ட்டில் முறுக்கு விசை ஏறக்குறைய 41 அடி-பவுண்டு. 40ஆம் எண் செயினின் 10 பல் ஸ்ப்ராக்கெட்டில் அது 600 பவுண்டுக்கு மேல் இழுவையாகிறது. தாங்கும், ஆனால் பனிக்கட்டியில் இடிக்கும்போது விளிம்பில் நிற்கிறது. 50ஆம் எண்ணில் அதே 10 பல்லுக்கு விட்டம் பெரிது என்பதால் இழுவை 490 பவுண்டுக்கு இறங்கும், செயினும் தடிமன். இடமிருந்தால் 50ஆம் எண்ணே போடுங்கள். 10க்குக் குறைந்த பல்லுள்ள ஸ்ப்ராக்கெட் வேண்டாம். செயின் அதில் வெடுக் வெடுக்கென்று இழுத்து ஓடும், சீக்கிரம் தேயும்.

ஜாக் ஷாஃப்ட் 1 அங்குலம், சாவி (புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் துண்டு) 1/4 அங்குலம். முக்கால் அங்குல ஷாஃப்ட்டும் போதும் என்பார்கள், அதற்குச் சாவி 3/16. என் ஓட்டு 1 அங்குலத்துக்குத்தான். புல்லி பேரிங்குக்கு வெளியே தொங்கும்போது மெல்லிய ஷாஃப்ட் வளையும். பேரிங் இரண்டும் ஒரே தகட்டில், ஒரே முறை மாட்டித் துளையிட்டு இருக்கட்டும். செட் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை அரத்தால் தட்டையாக்கிவிடுங்கள். அதைச் செய்யாத ஷாஃப்ட் ஜனவரியில் பக்கவாட்டில் நகரும், பெல்ட் புல்லியிலிருந்து கழலும், பழி பெல்ட்டின் மேல் விழும்.

பெல்ட் தளத்துக்கு வருவோம். பி.டி.ஓ. புல்லியின் முகத்தில் நேரான ஒரு ஆங்கிள் அயர்னை வைத்து, அது ஜாக் ஷாஃப்ட் புல்லியின் முகத்தை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். இரண்டு புல்லிக்கும் இடையே ஒவ்வொரு அடி தூரத்துக்கும் 1/16 அங்குலத்துக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. ப்ளோயரை இறக்கி வைத்தும் பார்க்க வேண்டும், தூக்கி வைத்தும் பார்க்க வேண்டும். தூக்கும்போது ப்ளோயர் ஒரு அச்சில் திரும்புகிறது. ஜாக் ஷாஃப்ட் அந்த அச்சுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு பெல்ட்டின் நீளம் மாறாமல் இருக்கும். தூரமாக இருந்தால் தூக்கியவுடன் பெல்ட் தொளதொளவென்று ஆகும், அல்லது முறுக்கேறி பேரிங்கை இழுக்கும். ஜாக் ஷாஃப்ட்டை ப்ளோயரின் முதுகில் வைக்காமல் திரும்பும் அச்சுக்கு அருகே வைப்பதற்குக் காரணம் இதுதான்.

மிச்சமிருக்கும் தொய்வை ஸ்பிரிங் இழுக்கும் ஐட்லர் எடுத்துக்கொள்ளும். அது தளர்ந்த இழையில் இருக்க வேண்டும், அதாவது எஞ்சின் புல்லியை விட்டு வெளியேறிப் போகும் இழையில். இறுகிய இழையில் வைத்தால் சுமை ஏறும்போதெல்லாம் ஐட்லர் பின்வாங்கும், பெல்ட் வழுக்கும், பத்து நிமிடத்தில் ரப்பர் வாடை. வாடை வரும் டிராக்டர்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பெல்ட்டின் பிராண்டை அல்ல.

பெல்ட்டின் அகலத்தை பி.டி.ஓ. புல்லியின் பள்ளமே தீர்மானிக்கும். அரை அங்குலப் பள்ளத்துக்கு ஏ அல்லது 4 எல், 5/8 அங்குலத்துக்கு பி அல்லது 5 எல். அகலப் பள்ளத்தில் மெல்லிய பெல்ட்டைப் போட்டால் அது அடியைத் தொட்டு ஓடும், பக்கங்கள் பிடிக்காது. அளவு சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஏ 68 என்பது உள் நீளம், 4 எல் 700 என்பது வெளி நீளம் 70 அங்குலம்; இரண்டும் ஒரே பெல்ட். ஒரு கயிற்றை எல்லாப் புல்லியிலும் சுற்றி, ஐட்லரைப் பாதி இழுவையில் வைத்து அளந்து, பிறகு கடைக்குப் போங்கள். கெவ்லர் நூல் உள்ள, துணி சுற்றிய பெல்ட் வாங்குங்கள். கார் எஞ்சினுக்கான பல்வெட்டுள்ள பெல்ட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பெல்ட்டைத் தளர்த்தி ஆகரை நிறுத்தும் ஏற்பாட்டில், தளர்த்திய பிறகும் அது பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனி ப்ளோயரைத் தாங்கும் சட்டம். டிராக்டரின் பிரேமில் வெல்டிங் வைக்காதீர்கள்; ஏற்கெனவே இருக்கும் கொக்கி இடங்களையும் துளைகளையும் பயன்படுத்துங்கள், அரை அங்குல கிரேடு 5 போல்ட் போதும். முன் ஆக்ஸிலில் எதையும் தொங்கவிட வேண்டாம், அது நடுவில் ஒரே பின்னில் ஆடும் பாகம். நடைபாதை விளிம்பில் ப்ளோயர் இடிக்கும்போது வரும் தள்ளுவிசை டிராக்டரின் வயிறு வரை நேராகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு இரு பக்கமும் 2 அங்குல ஆங்கிள், கால் அங்குலத் தடிமன், பின் ஆக்ஸில் பக்கமாக நீட்டி மாட்டினால் மூக்கு பிழைக்கும். தூக்கும் கம்பியை விறைப்பான இரும்பாக வைக்காமல் ஒரு சின்னச் செயின் துண்டாக வைத்தால், தரை ஏறி இறங்கும்போது ப்ளோயரும் தன் சறுக்குக் கட்டைகளில் மிதந்து போகும். குறிப்பாக ஹைட்ராலிக் லிஃப்ட் உள்ள டிராக்டரில் இது அவசியம். இல்லாவிட்டால் அது ப்ளோயரைத் தரையில் அழுத்தி முன் சக்கரங்களைத் தூக்கிவிடும், ஸ்டியரிங் சும்மா சுற்றும்.

எடையைக் கணக்குப் போடுங்கள். ப்ளோயர் 80 கிலோ, அதன் பாரம் முன் ஆக்ஸிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், டிராக்டரின் இரண்டு ஆக்ஸிலுக்கும் இடைவெளி 117 சென்டிமீட்டர் என்றால், தூக்கிய நிலையில் பின் சக்கரங்களிலிருந்து 41 கிலோ பாரம் காணாமல் போகிறது. சக்கரத்துக்கு 25 பவுண்டு வீதம் மாட்டினால் அதில் பாதிதான் திரும்பும். 50 பவுண்டு வீதம் மாட்டினால் சரியாகிவிடும். டயர் செயினும் வேண்டும், குறுக்குச் சங்கிலி இரண்டு கண்ணிக்கு ஒன்று இருக்கும் வகை. டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றும் பழக்கம் உண்டு. டியூப் இல்லாத டயரில் அது ரிம்மைத் தின்றுவிடும். செயின் மாட்டிய பிறகு டயரின் வெளி அகலத்தை அளந்து, ப்ளோயர் அதைவிட அகலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சக்கரம் அள்ளாத பனியில் ஏறி ஓடும்.

அதிக சுமையில் தானே அறுந்து மற்ற பாகங்களைக் காக்கும் ஷியர் போல்ட் இல்லாமல் ஓட்டாதீர்கள். பழைய சிங்கிள் ஸ்டேஜ்கள் சிலவற்றில் பெரிய ஸ்ப்ராக்கெட் ஆகரோடு நேராகச் சாவியில் பூட்டியிருக்கும். சாவியை எடுத்துவிட்டு, ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டில் தானாகச் சுழலவிட்டு, பக்கத்தில் ஷாஃப்ட்டோடு பூட்டிய ஒரு தட்டை வைத்து, மையத்திலிருந்து 1.5 அங்குலத்தில் ஒரே ஒரு கால் அங்குல கிரேடு 2 போல்ட்டால் இரண்டையும் இணையுங்கள். மரை இல்லாத தண்டுப் பகுதி வெட்டும் தளத்தில் இருந்தால் அது சுமார் 270 அடி-பவுண்டில் அறும். எஞ்சினின் முழு சக்தி ஆகரில் தருவது 165 அடி-பவுண்டு. ஆக, சாதாரண வேலையில் அறாது, செய்தித்தாள் கட்டையோ கல்லையோ விழுங்கினால் அறும். கிரேடு 5 போட்டால் 440ஐத் தாண்டும். போல்ட்டுக்கு முன்னால் செயினோ ஸ்ப்ராக்கெட் பல்லோ போகலாம். மரைப் பகுதி வெட்டும் தளத்தில் விழுந்தால் இதற்கு நேர்மாறு, ஒவ்வொரு பனிக்கட்டிக்கும் ஒரு போல்ட் போகும்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, ஆகர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பிறகு பாதி த்ராட்டிலில் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, பேரிங்குகளைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ட் அதிக இறுக்கம் அல்லது ஷாஃப்ட் கோணல். பெல்ட், செயின் இரண்டுக்கும் தகட்டு மூடி வேண்டும். அது கைக்கு மட்டுமல்ல; செயினில் பனி போய் உறைந்தால் அது பல்லை விட்டு ஏறும்.

பனி வீசும்போது கிளம்பும் தூள் கோலரின் ஃப்ளைவீல் வலையை அடைக்கும், கார்புரேட்டர் லிங்கேஜில் உறையும். கவர்னர் கம்பி உறைந்தால் எஞ்சின் வேகம் கட்டுப்பாடில்லாமல் ஏறலாம். அந்தப் பக்கம் ஒரு தகட்டுத் தடுப்பு வைத்து, மஃப்ளரின் சூடு கார்புரேட்டர் பக்கம் போகும்படி செய்தால் தீரும். எண்ணெய் 5 டபிள்யூ 30. சூட் குழாயின் உள்பக்கம் துருவைச் சுரண்டி, வழவழப்பான பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் ஈரப் பனி ஒட்டுவது குறையும்.

வீல் ஹார்ஸ் போன்ற கியர் டிராக்டரில் ஒரு வசதி: பி.டி.ஓ.வுக்குத் தனி நெம்புகோல் இருப்பதால், கிளட்ச்சை மிதித்தால் டிராக்டர் நிற்கும், ஆகர் சுற்றிக்கொண்டே இருக்கும். குவியலில் எஞ்சின் திணறினால் கிளட்ச்சை மிதித்து, ஆகர் தன்னைக் காலி செய்யும் வரை பொறுத்து, மறுபடி போகலாம். லோ ரேஞ்ச், முதல் கியர். அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, கட்டையால் குத்தி எடுங்கள். நிறுத்திய பிறகும் பெல்ட்டில் மிச்சமிருக்கும் முறுக்கு ஆகரைச் சட்டென்று கால் சுற்றுச் சுற்றவைக்கும், அதற்குள் கை போகக் கூடாது.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இரண்டு கார் நிற்கும் ட்ரைவ்வேக்கு இதெல்லாம் வேண்டாம், நடந்து தள்ளும் மெஷினே போதும். ஊருக்கு வெளியே நூறு மீட்டர் பாதை உள்ளவர்கள் டிராக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு பெல்ட், பத்து ஷியர் போல்ட், செயின் பூட்டுக் கண்ணி இரண்டு, 7/16 ஸ்பேனர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கால் அங்குல போல்ட்டின் தலைக்கு அதுதான் அளவு.